பட்டாளத்தக்காவின் சிவப்பு நட்டுகள்

ஜூலை மாதம் பதினேழாம் நாள், வியாழக்கிழமை. சில நாள்களாகக் கொட்டிய மழை விடியலில்தான் ஓய்ந்திருந்தது. ஆனால் மேகம் கலையவில்லை, வெயில் எட்டிப் பார்க்கவும் இல்லை. பழுதுபார்க்கும் கொட்டகைக்கு முன்னால் இருந்த மண்தரை, கணுக்கால் புதையும் சேறாகக் கிடந்தது. முதல் பேருந்தில் வந்து இறங்கிய பட்டாளத்தக்கா, தோளில் தொங்கிய பையோடு வாசலிலேயே நின்றுவிட்டார். பையில் பிரேக்குக்கான ரப்பர் வளையங்கள் இருந்தன. அவற்றைத் தேடி வெளியூரில் அலைந்துவிட்டுத்தான் திரும்பியிருந்தார். உள்ளே அவருடைய பழைய ராணுவ லாரி, கூரைமுதல் சக்கரம்வரை புதுப் பச்சைப் பெயிண்டில் மாப்பிள்ளைபோல் மினுமினுத்துக்கொண்டு நின்றது.

பட்டாளத்தக்கா பட்டாளத்தில் இருந்தவர் அல்லர். எவருக்கும் சல்யூட் அடித்தவரும் அல்லர். தையல் ஆலையில் பழுதான இயந்திரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர். ராணுவம் கழித்துவிட்ட லாரிகள் ஏலத்துக்கு வந்தபோது, "அண்ணே, ஒண்ணு எடுப்போம், மத்தது என் பாடு" என்று அண்ணனை இழுத்துக்கொண்டு போனார். ஏலக் கிடங்கின் காவலாளியோ, "பொம்பளைக்கு உள்ள என்னம்மா வேலை?" என்று அவரை வெளியிலேயே நிறுத்திவிட்டார். ஆகவே ஏலம் கேட்டவர் அண்ணன். வண்டி பதிவானதும் அண்ணன் பெயரில்தான். ஆனால், எடுத்த வண்டியில் அண்ணனுக்குக் கியர் விழவில்லை. வழியை அடைத்துக்கொண்டு வண்டி உறுமியபடி நின்றது. கடைசியில் அந்தக் காவலாளியே வெளியே வந்து, "நீங்களே வந்து எடுத்துத் தொலைங்கம்மா" என்று கூப்பிட வேண்டியதாயிற்று. வாயிலைத் தாண்டும்போது அக்கா அடித்த ஹாரனில் அவர் காதைப் பொத்திக்கொண்டாராம்.

அதன்பிறகு ஊரார் வைத்த பெயர்தான் பட்டாளத்தக்கா. கேலிக்காகத்தான் வைத்தார்கள். அக்கா அதையே பெரிய எழுத்தில் எழுதிக் கொட்டகையின் பெயர்ப்பலகையாக மாட்டிவிட்டார். கேலி செய்தவர்களே பிற்பாடு, கல்குவாரிப் பாதையில் லாரி புதைந்துபோனால், அந்தப் பலகையைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ஆறு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் வண்டி அந்த வட்டாரத்தில் வேறு எவரிடமும் இல்லை. அதற்கு வேண்டிய பாகங்களும் எந்தக் கடையிலும் இல்லை. கிடைக்காததை அக்கா லேத்தில் தானே கடைந்தெடுப்பார். கடைய முடியாததற்கு, உடைந்த வேறொரு ராணுவ வண்டியைத் தேடிப் புறப்பட்டுவிடுவார்.

"என்னண்ணே இது?" என்றார் அக்கா, வாசலில் நின்றபடியே பச்சைப் பெயிண்டைக் காட்டி.

அண்ணன் ஸ்டூலை விட்டு எழவில்லை. "ஓட்டல்காரர் கேட்டார் பாப்பா. சரின்னு சொல்லிட்டேன். வாசல்ல அழகுக்கு நிறுத்தப் போறாராம். எஞ்சினைக் கழட்டிட்டு, பின்னால மண்ணு கொட்டிப் பூச்செடி வைப்பாராம்."

"பூச்செடியா? உன் தலையில வைக்கச் சொல்லேன். அங்கயும்தான் எதுவும் ஓடல."

"பேசுவே, பேசுவே. எத்தனை வருஷம் இந்த இரும்போட மாரடிக்கிறது? என் தோள்பட்டை விட்டுப்போச்சு. கொட்டகையைக் காலி பண்ணிட்டு நிம்மதியா உக்காரணும்." சற்று நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வண்டி என் பேர்ல இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் அதுவரை ஒருநாளும் சொன்னதில்லை. அக்காவுக்கு முகம் இறுகியது.

"பேரை எடுத்துக்கிட்டுப் போ. எஞ்சின்ல எவனாவது கை வைக்கட்டும், பாத்துக்கிறேன்."

இதற்குள் ஓட்டல் உரிமையாளர் ஒரு மெக்கானிக்கோடு வந்துவிட்டார். வண்டியை ஏற்றிச் செல்ல வந்த பெரிய லாரி சேற்றில் இறங்கப் பயந்து சாலையிலேயே நின்றது. ஆகவே ராணுவ வண்டியைச் சாலைவரை உருட்டித்தான் ஆகவேண்டும். அதன் முன்சக்கரம் ஒன்றிலோ பாதிக் காற்றுதான் இருந்தது. "மாத்திட்டா போச்சு" என்று மெக்கானிக் ஜாக்கி வைத்து, ஸ்பேனரோடு குந்தினார்.

அக்கா அண்ணனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். இரண்டாம் நட்டு கிறீச்சிட்ட ஓசை கேட்டதும் பேச்சைப் பாதியில் விட்டுப் பாய்ந்தார்.

"கையை எடு! எந்திரி! தள்ளிப் போ!"

மெக்கானிக் மல்லாந்து விழுந்து, சேற்றிலேயே பின்னுக்கு நகர்ந்தார். அக்கா சக்கரத்துக்கு எதிரே நிற்காமல் ஒருபக்கமாக ஒதுங்கி, காற்றடைக்கும் வால்வைத் திருகிக் கழற்றினார். சீறல் முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு பையிலிருந்த கத்தியை எடுத்து, மெக்கானிக் தளர்த்திய நட்டைச் சுரண்டினார். பச்சைக்கு அடியில் சிவப்பு தெரிந்தது.

அண்ணன் எழுந்து வந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வண்டியின் சக்கரம் இரண்டு பாதிகளைச் சேர்த்து நட்டுகளால் முடுக்கப்பட்டது. உள்வட்ட நட்டுகள் சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும். வெளிவட்ட நட்டுகள் இரண்டு பாதிகளையும் ஒன்றாகப் பிடித்திருக்கும். காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைக் கழற்றினால் இரும்பு வெடித்துப் பறக்கும். ஏலக் கிடங்கில் ஒருவர் அப்படிக் கழற்றியதையும், அவருடைய கையையும், ஓட்டை விழுந்த தகரக் கூரையையும் நேரில் கண்டவர் அண்ணன். தொடக்கூடாது என்ற அடையாளமாக வெளிவட்டத்துக்கு முதன்முதலில் சிவப்பு பூசியவரும் அவரே. ஆண்டுதோறும் அதைப் புதுப்பிப்பதில் அண்ணனும் தங்கையும் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

"ஒரு புள்ளி விடாம அடின்னு பெயிண்டர்கிட்ட நான்தான் சொன்னேன்," என்றார் அண்ணன்.

"பாத்தாலே தெரியுது. நீ சொன்னபடிதான் அவன் அடிச்சிருக்கான்," என்றார் அக்கா. அதற்குமேல் அவரைக் குத்தவில்லை. தளர்ந்த நட்டுகளை முடுக்கினார். பிறகு உள்வட்டத்தைக் கழற்றி, மாற்றுச் சக்கரத்தை உருட்டிவந்து பொருத்தினார். மெக்கானிக் கேட்காமலேயே வந்து தூக்கிக் கொடுத்தார்.

நிமிர்ந்து பார்த்தபோது அண்ணன் அங்கே இல்லை. கொட்டகையின் மூலையிலிருந்து ஒரு டப்பாவும் தூரிகையும் எடுத்துக்கொண்டு வந்தார். மாட்டிய சக்கரத்தின் எதிரே குந்தி, வெளிவட்ட நட்டு ஒவ்வொன்றுக்கும் சிவப்பு பூசத் தொடங்கினார். வலிக்கும் தோளை இடக்கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஓட்டல் உரிமையாளர் பொறுமையிழந்தார். "ஏங்க, சும்மா நிக்கப்போற வண்டிக்கு இந்த அலங்காரமெல்லாம் எதுக்கு?"

"சும்மா நிக்கிற வண்டிக்குத் தேவையில்லைங்க," என்றார் அண்ணன், தலை நிமிராமல். தூரிகை அடுத்த நட்டுக்குப் போயிற்று.

மெக்கானிக்குக்கு முதலில் புரிந்தது. ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கலானார். அண்ணனை இனிக் கேட்டுப் பயனில்லை என்று கண்டுகொண்ட ஓட்டல் உரிமையாளர் அக்காவின் பக்கம் திரும்பினார். அக்கா பையைத் திறந்து, பிரேக் ரப்பர்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பழைய இரும்பை வச்சுக்கிட்டு என்னதாம்மா பண்ணப்போறீங்க?"

"ஓட்டப்போறேன்."