பெற்றவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை

ஏதென்ஸ் சந்தையில் பிலாக்ரோஸின் பூண்டுக் கடைக்கும் என் பாலாடைக்கட்டிக் கடைக்கும் நடுவில் ஒரு கயிறுதான் தடுப்பு. அவனுடைய அப்பா டெக்சியாஸ் தினமும் காலையில் வந்து, கடை முன்னால் முக்காலியில் உட்கார்ந்து மகனைத் திட்டுவார். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கேட்கவேண்டும் என்றே திட்டுவார்.

“இவன் ஊத்துற கஞ்சிய நாய் மோந்து பாக்குமா? இவனப் பெத்த பாவத்த அனுபவிக்கிறேன்.”

இத்தனைக்கும் கிழவர் போர்த்தியிருப்பது மகன் வாங்கிக் கொடுத்த புதுக் கம்பளி. மகன் மேலே கிடப்பது ஒட்டுப்போட்டது. அத்திப்பழம் வாங்கினால் பழுத்ததைப் பொறுக்கி அப்பாவுக்கு வைப்பான். அவருக்குப் பல் இல்லை என்று பருப்பை மசியக் கடைந்து கொடுப்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். பிலாக்ரோஸ் வாயே திறக்கமாட்டான். ஒரே ஒரு தடவை மட்டும், “அண்ணே, கடல்ல செத்துப்போன என் ரெண்டு அண்ணன்மாருக்குப் பதிலா நான் போயிருக்கணும்னு அப்பா நெனைக்கிறாரு போல” என்றான்.

எங்கள் ஊரில் சந்தோஷமாக வாழச் சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. ஓவிய மண்டபத்தில் பேசுகிற தத்துவக்காரர்கள், ஒழுக்கம் ஒன்றே போதும், மற்றது வந்தால் என்ன, போனால் என்ன என்பார்கள். தோட்டத்தில் கூடுகிறவர்கள், மனம் கலங்காமல் இருப்பதுதான் இன்பம் என்பார்கள். இரண்டு கட்சிக்கும் பூண்டு பிலாக்ரோஸிடம்தான். ஒருநாள் மண்டபத்து இளைஞன் ஒருவன் கிழவரிடம், “பெரியவரே, உங்க மகன் நல்லவன். அதனால அவன்தான் பாக்கியசாலி” என்றான். கிழவருக்கு முகம் வெளுத்துவிட்டது. திருஷ்டி கழிக்கிறவர்போல் தன் மார்புத் துணிக்குள்ளேயே மூன்று முறை துப்பிக்கொண்டார்.

“வாயக் கழுவு! செத்து அடக்கமாகுற வரைக்கும் எவனையும் பாக்கியசாலின்னு சொல்லக்கூடாது.”

அது ஊரறிந்த பழைய வாக்கு. எரிந்து விழுவதற்கு அவருக்கு அதுவும் ஒரு சாக்கு என்று நினைத்தேன்.

அந்த வருஷம் சீட்டுக் குலுக்கியதில் சந்தை மேற்பார்வைக்கு பிலாக்ரோஸ் பெயர் வந்தது. எங்களிடம் ஒரு வழக்கம். பதவியில் உட்காருமுன் மன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். கெட்டிக்காரனா என்று யாரும் கேட்கமாட்டார்கள். படைக்குப் போனாயா, முன்னோர் சமாதியைப் பார்த்துக்கொள்கிறாயா, பெற்றவர்களை நன்றாக வைத்திருக்கிறாயா என்று கேட்பார்கள். யார் வேண்டுமானாலும் எழுந்து குற்றம் சொல்லலாம். எடைக்கல்லில் வேலை காட்டும் மீன்கடைத் திராசோன் அதற்குத்தான் காத்திருந்தான். பெற்றவரைப் பட்டினி போட்டவன் என்று ஆகிவிட்டால் பதவியோடு போகாது. பின்னாலேயே வழக்கு வரும். அதில் தோற்றால் குடியுரிமை போய்விடும், சந்தைக்குள்ளேயே காலெடுத்து வைக்கமுடியாது. அப்புறம் கடை எங்கே, கஞ்சி எங்கே?

முந்தின நாள் கிழவரிடம் போனேன். “நாளைக்கு வந்து ஒரே ஒரு நல்ல வார்த்த சொல்லுங்க பெரியவரே.”

“என்னால முடியாதுடா கோமியாஸ். அத மட்டும் கேக்காத.”

“நீங்கல்லாம் ஒரு அப்பனா?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மன்றத்தில் பிலாக்ரோஸுக்காக நான் சாட்சி சொன்னேன். திராசோன் எழுந்தான்.

“பாலாடைக்கட்டிக்காரன் பூண்டுக்காரனுக்குச் சாட்சி! ரெண்டும் சேர்ந்தா வாசனை நல்லாத்தான் இருக்கும். ஐயா, கஞ்சி ஊத்தலன்னு பெத்தவரே தெனமும் கத்துறாரு. சந்தையே கேட்டிருக்கு. எங்க அவரு? ஏன் வரல?”

எல்லோரும் சிரித்தார்கள். பிலாக்ரோஸ் தலை குனிந்து நின்றான்.

“வந்துட்டேன்” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. கிழவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

“எனக்கு மூணு பசங்க. ஒரு விருந்துல கோப்பையும் கையுமா எந்திரிச்சு, என்னைவிடப் பாக்கியசாலி எவன் இருக்கான்னு கேட்டேன். அந்தக் குளிர்காலத்துலயே மூத்தவங்க ரெண்டு பேரையும் கடல் கொண்டுபோயிருச்சு. சாமிக்குப் பொறுக்கல. மிச்சம் இவன் ஒருத்தன். இவனையாவது சாமி கண்ணுல படாம வச்சுக்கணும்னுதான் திட்டுனேன். சாமி காதுல விழணும்னு சத்தமாத் திட்டுனேன்.”

மூச்சு வாங்கினார்.

“இவன் செத்தப்புறந்தான் சொல்லணும்னா, அதச் சொல்ல நான் இருக்கக்கூடாது. முன்னாடி போகவேண்டியவன் நான். இன்னைக்குச் சொல்லலன்னா என்னைக்குச் சொல்றது? ஐயா, என் மகன் நல்லவன். என்னை ராசா மாதிரி வச்சிருக்கான்.”

சொல்லிவிட்டு, இடி விழப்போகிறது என்பதுபோல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஒன்றும் விழவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். திராசோன் பக்கம் ஒரு கைகூட இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது எனக்கு. கூடவே, நேற்று கேட்டதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

பிலாக்ரோஸ் அழுதுகொண்டே வந்தான். “அப்பா, இன்னொரு தடவ சொல்லுங்கப்பா.”

“ஒரு தடவைக்கே ஈரக்கொல நடுங்குதுடா. கையக் குடு. தெருவுல வண்டி வரும்.”

நரை விழுந்த மகனைச் சின்னப் பிள்ளையைப்போல் ஓரமாக விட்டு, தான் வண்டிப் பக்கமாக நடந்தார் கிழவர். வீடு சேரும்வரை அந்தக் கையை விடவில்லை.