நீராவிக்குள் ஒரு கை

சூடான ரேடியேட்டரின் நீராவி வாசம் வந்தால் எனக்கு என்னோடு வேலை பார்த்த ரோஸிதான் நினைவுக்கு வருவாள்.

ஜூரோங் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், நான் படித்த ஆங்கில நாவலை அவளுக்குத் தினமும் தமிழில் சொல்வேன். நீராவியில் பறக்கும் கப்பல்கள். தொட்டே காயம் ஆற்றும் ஒருத்தி. அவள் தொட்டால் தன் மனசும் தெரிந்துவிடும் என்று காயங்களை மறைக்கும் எஞ்சின்காரன்.

"இன்னும் கையைக்கூடப் பிடிக்கலயா? சரியான மரக்கட்டை லா!" என்பாள் ரோஸி.

அன்று அவளுக்கு வேலையில் கடைசி நாள். ஒரே முறை பார்த்த மாப்பிள்ளையோடு கல்யாணம். "பேசினதே இல்ல, எப்படிப் பிடிக்கும்?" என்று கண் கலங்கினாள்.

பூன் லே அருகே ரேடியேட்டர் கொதித்து பஸ் நின்றது. வெண்ணிற நீராவி ஜன்னல்களை மூடியது. எல்லாரும் டிரைவரைத் திட்ட, ரோஸி மட்டும், "நீ கதையச் சொல்லு" என்றாள்.

சொன்னேன். வெடித்த கொதிகலனின் நீராவிக்குள், எஞ்சின்காரனின் வெந்துபோன விரல்களை அவள் முதன்முதலாகப் பற்றினாள். திட்டியவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். நாங்கள் அத்தனை பேரும் தரை தெரியாத உயரத்தில் மிதந்தோம். அதன்பின் எத்தனையோ படித்துவிட்டேன். அந்த உயரம் மறுபடி வாய்க்கவில்லை.

மாலையில் வேலை முடிந்து சிராங்கூன் சாலையில் இறங்கும்போது, "இன்னும் பயமா?" என்றேன்.

ரோஸி சிரித்தாள். "அவங்களுக்கே கையப் பிடிக்க ஒரு புஸ்தகம் பூரா ஆச்சு. எங்களுக்கு என்ன அவசரம் லா?"