முப்பது கதிர் அரிவாள்

என் இடக்கைச் சுண்டுவிரலில் அரை அங்குலத் தழும்பு ஒன்று உண்டு. தொண்ணூறுகளில், கல்லூரியில் படித்துக்கொண்டே நிவாரண வேலைக்கு ஓடித் திரிந்த காலத்தில் வாங்கியது. அதைப் பார்த்தால் எனக்கு வலி நினைவுக்கு வராது. அக்காவின் சிரிப்புதான் வரும்.

சாதிக் கலவரத்தில் ஊரைவிட்டு ஓடிவந்த முப்பது குடும்பங்கள் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தன. அரிசி, பருப்பு, போர்வை என்று நான் பட்டியல் போட்டு இறக்கிக்கொண்டே இருந்தேன். அவர்களில் அறுப்புக்கு ஆள் கூட்டிப் போகிறவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். ஒருநாள் பட்டியலை எட்டிப் பார்த்துக் கேட்டாள்: “எத்தன நாளைக்குத் தம்பி அரிசி போடுவிய? இங்கன அறுப்பு தொடங்கிட்டு. எங்களைக் கூப்பிடவும் செய்யுதாவ. வெறுங்கையால கதிரப் பிடுங்கவா?” அவர்களுடைய அரிவாள்கள் பூட்ட நேரமில்லாமல் விட்டுவந்த வீடுகளில் கிடந்தன. மறுநாள் வயலில் இறங்காவிட்டால் வேலை வேறு ஆட்களுக்குப் போய்விடும்.

அன்றே அக்காவை வேனில் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டை கொல்லன் பட்டறைக்குப் போனேன். ஆனால், அரிவாள் என்று சத்தமாகச் சொல்லவே பயந்த நாட்கள் அவை. வழியெல்லாம் போலீஸ் சோதனை. அக்கா கவனிக்காத நேரத்தில், வாங்கிய முப்பதையும் சாக்கில் சுற்றி அரிசி மூட்டைகளுக்கு அடியில் செருகிவிட்டேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு.

சோதனைச்சாவடி ஏட்டையா இரண்டாவது மூட்டையைப் புரட்டியதுமே கண்டுபிடித்துவிட்டார்.

“ஏலே, என்னது இது?”

“கதிர் அறுக்க, சார்.”

“அறுக்கதுக்கு எதுக்குலே ஒளிக்க? நீ அறுப்பியோ? இந்தப் புல்ல அறு, பாப்போம்.”

குனிந்து ஒரு பிடி பிடித்து அரிவாளை இழுத்தேன். புல் அப்படியே நின்றது. விரல் கிழிந்தது.

அக்கா சிரித்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு வந்த நாள்முதல் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. “இந்தத் தம்பியா சார் ஆள வெட்டப் போகுது?” என்று என் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினாள். கண்ணிமைக்கும் நேரத்தில் பத்தடிப் புல் சாய்ந்து, பிடிபிடியாக ஒரே வரிசையில் கிடந்தது. ஏட்டையா அந்த வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எங்கம்மையும் இப்படித்தான் போடுவா,” என்றார் மெல்ல. பிறகு என்னிடம் திரும்பி, “எல்லாத்தையும் எடுத்து மூட்டைக்கு மேல போடுலே. அடுத்த சாவடியில கேட்டா, நான் பாத்தாச்சுன்னு சொல்லு.”

ஊரைவிட்டுக் கட்டிய சேலையோடு ஓடிவந்தவள், அந்தச் சேலையிலேயே ஒரு துண்டு கிழித்து என் விரலில் கட்டினாள்.

மறுவாரம் அரிசியோடு போனபோது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மட்டும்தான் இருந்தார்கள். அக்கா பக்கத்து வயலுக்குள் நின்றே குரல் கொடுத்தாள்: “எங்களுக்குக் கூலி நெல்லு வந்துட்டு தம்பி. அத வேற ஆளுகளுக்குக் கொண்டு போங்க. விரலு ஆறிட்டா?”

அன்று அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. இப்போதும் வெள்ளமோ கலவரமோ, நிவாரணப் பட்டியல் எழுத உட்கார்ந்தால் தாளை அழுத்திப் பிடிப்பது இந்த இடக்கைதான். தழும்பு கண்ணில் படும். பேனாவை மூடி வைத்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்கக் கிளம்பிவிடுவேன்.