போனவன் வந்து சொல்வான்

இங்கே எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை பள்ளிக்கூடம் உண்டு. நரைத்த தலை, தொப்பை, முழங்கால் வலி எல்லாவற்றோடும் பாரிஸுக்கு வெளியே ஒரு கூடத்தில் மண்டியிட்டு ரப்பர் பொம்மையின் மார்பை அமுக்குகிறோம். ஆம்புலன்ஸில் வேலைக்குப் போகிற யாருக்கும் விலக்கு இல்லை. 'ரெசிக்லாஜ்', அதாவது மறுபயிற்சி, என்று இதற்குப் பெயர். எனக்கு இன்றும் பழகாதது பொம்மை அல்ல. பாடம் நடத்துகிற அம்மாள் வந்ததும் வராததுமாக, "போன வருஷம் நான் சொன்னதில் இது தப்பு, மறந்துவிடுங்கள்" என்கிறார். யாருக்கும் முகம் சுருங்குவதில்லை, அவருக்கும் மரியாதை குறைவதில்லை. எல்லாரும் காபி குடிக்கப் போய்விடுகிறார்கள். ஊரில் இதைச் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்பீர்கள்.

என் கூட வண்டியில் வருகிற ஜெரார் நல்ல மனுஷன். இந்த வருஷம் வகுப்பு நாளில் எனக்குக் காய்ச்சல். "நீ படுத்திரு, நான் கேட்டு வந்து சொல்கிறேன்" என்றான். "வேண்டாம், என் காதால்தான் கேட்பேன்" என்றேன். தன்னை நான் மட்டமாக நினைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். அவனுக்கு எதை, எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

எண்பதுகளின் கடைசியில் பாகூர் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் நானும் கலியபெருமாளும் ஜீப்பில் போகிற முதலுதவி ஆட்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். டவுனில் எப்போதாவது ரெஃப்ரெஷர் கிளாஸ் வைப்பார்கள். ரெண்டு பேரும் போய்விட்டால் ஜீப்புக்கு ஆள் இருக்காது. அதனால் ஒருவர் போவார், வந்து மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பார். என் முறை வந்தபோதெல்லாம், கற்றுவந்த கட்டுகளை அவன் காலிலேயே போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்தத் தடவை அவன் போய் வந்தான்.

"இன்னாடா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"இன்னா சொல்லப் போறாங்க, பழைய கதைதான். வடைதான் நல்லா இருந்துச்சி."

சிரித்துவிட்டு ஜீப்பைத் துடைக்கப் போனேன்.

ஐப்பசி மழையில் கரையாம்புத்தூரிலிருந்து ஆள் ஓடிவந்தது. என் தங்கை வேணியைக் கட்டிக்கொடுத்த ஊர். வைக்கோல் இழுத்தவளைக் கையில் பாம்பு கடித்துவிட்டது. கட்டுவிரியன் என்றார்கள். நான் படித்திருந்தபடியே முழங்கைக்கு மேல் ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டி ஜீப்பில் ஏற்றினேன். வழியில் ஆற்று வெள்ளம் ரோட்டை மூடியிருந்தது. காலையில் போட்ட கட்டு. தண்ணீர் வடிந்து டவுன் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. "கை மரத்துப்போச்சிண்ணே, அவுத்துடுண்ணே" என்று அழுதாள். அவிழ்த்தால் விஷம் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று நான் விடவில்லை.

கடித்த பாம்பை அடித்து எடுத்துக்கொண்டுதானே நாம் ஆஸ்பத்திரிக்குப் போவோம்? வேணியின் புருஷன் சுப்பராயன் அதைச் சாக்கில் கொண்டுவந்திருந்தார். டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்தார். "பார்க்க கட்டுவிரியன் மாதிரி இருக்கும். ஆனா விஷமில்ல" என்றார். பிறகு கறுத்துப்போன கையைப் பார்த்தார். "யாருய்யா கட்டினது? இறுக்கிக் கட்டாதீங்க, கையை ஆட்டாம கொண்டாந்தா போதும்னு போன கிளாஸ்ல தலபாடா அடிச்சிக்கினேனே!"

அன்று லீவில் டவுனிலிருந்த கலியபெருமாள் சேதி கேட்டு வந்து என் பக்கத்தில்தான் நின்றான். அவனைப் பார்த்தேன். அவன் டாக்டரைப் பார்த்தான்.

"நான் வந்த அன்னிக்கே சொன்னேன் சார். இவன்தான் கேக்கல."

வேணியின் வலது கையை முழங்கையோடு எடுத்தார்கள்.

ஏன் மறைத்தான் என்று வருஷக்கணக்காக யோசித்தாகிவிட்டது. மேல் வேலை ஒன்று காலியாக இருந்தது. புது முறை தெரிந்தவன் தான் ஒருவனாகவே இருக்கட்டும் என்று நினைத்திருப்பான், அவ்வளவுதான். வேலையும் அவனுக்கே கிடைத்தது. நாங்கள் பேசியபோது மூன்றாம் ஆள் இல்லாததால் என் பேச்சு எங்கும் எடுபடவில்லை. ஊர் நம்பாதது போகட்டும், என் தங்கையே நம்பவில்லை. அதுதான் என்னை அறுத்தது. என் மனைவி வீட்டார் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள். அவர்கள் கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் விமானம் ஏறினேன். நான் சம்பாதிக்க வந்தேன் என்றுதான் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

போன கோடையில் ஊருக்கு வந்து வேணி வீட்டில் தங்கியிருந்தேன். விறகு பிளந்த சுப்பராயனின் காலில் கோடாலி பட்டு ரத்தம் பீறிட்டது. துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். வேணி குறுக்கே வந்து இடது கையால் என்னைத் தடுத்தாள்.

"நீ வாணாம்ணே."

"அங்க தினமும் எனக்கு இதாம்மா வேலை."

"அங்க செய்யி" என்றாள். பிறகு தெருவைப் பார்த்துக் கத்தினாள்: "யாராவது ஓடிப்போய் கலியபெருமாளை இட்டுக்கினு வாங்களேன்!"

அந்த ஊர் சுகாதார நிலையத்துக்கு இப்போது அவன்தான் பொறுப்பு. வந்தான். சுத்தமான துணியை வைத்து அமுக்கினான். குறை சொல்ல எதுவும் இல்லை, இங்கே நாங்கள் செய்வதைப் போலவே சரியாகச் செய்தான். நிமிராமலே, "காலைத் தூக்கிப் புடிடா" என்றான். பிடித்தேன். பாரிஸில் முன்பின் தெரியாதவர்கள் என் கையில் உயிரை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணயர்கிறார்கள். இங்கே வேணி கண்ணை இமைக்காமல் நின்றாள். அவள் புருஷனையும் பார்க்கவில்லை, கலியபெருமாளையும் பார்க்கவில்லை. காலைப் பிடித்திருந்த என் ரெண்டு கைகளும் வேறு எங்கேயும் போய்விடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.