அவிநாசியிலிருந்து வந்த இளநீர்

2024 ஜூலை 27, ஆடி பதினொன்று, சனிக்கிழமை, காலை மணி பத்து நாற்பது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது. சாரல் விழுந்தது, ஆனால் தரை நனையவில்லை. மதுக்கரைப் பக்கத்து மலை பாதிதான் தெரிந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் மூன்றாம் மாடியில் எனக்கு அது பத்தொன்பதாவது நாள்.

குடலில் அடைப்பு என்று ஒன்றரை அடி வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஆறாம் நாள் தையலில் ஒரு துளை விழுந்து கசிந்தது. மறுபடி வயிற்றைத் திறந்தால் எழுபத்து நான்கு வயது உடம்பு தாங்காது, துளை தானாகத்தான் மூட வேண்டும் என்றார் டாக்டர். அதற்குக் குடல் சும்மா கிடக்க வேண்டும். ஆகவே வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. சாப்பாடெல்லாம் கழுத்து நரம்பு வழியே, பால்போல் வெளுத்த ஒரு பெரிய பையிலிருந்து இறங்கியது. குடலில் நீர் சுரப்பதை அடக்க எட்டு மணி நேரத்துக்கொரு ஹார்மோன் ஊசி. கசிவதைப் பிடிக்க வயிற்றில் இன்னொரு பை. அந்தப் பையின் அளவுதான் என் ஜாதகம். அறுநூறு மில்லியில் ஆரம்பித்து நாற்பதுக்கு இறங்கியிருந்தது. இன்னும் நாலு நாள் இப்படியே இருந்தால் கஞ்சி தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

கழுத்துக் குழாய் ஜன்னல்வரை எட்டாது. பக்கத்து அறைக்காரர் ரசம் ஊற்றிக்கொள்ளும் வாசம் மட்டும் கதவிடுக்கில் என்னைத் தேடி வரும்.

அன்று உள்ளே வந்தவர் என் சம்பந்தி, மகளின் மாமனார். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. பேத்தி காதுகுத்து அழைப்பிதழில் என் பெயர் விட்டுப்போனதற்காக, அவர் வீட்டுப் பந்தியில் கை நனைக்காமல் நான் திரும்பி வந்திருந்தேன். அதற்கான பேச்சை மகள்தான் அங்கே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க சம்பந்தி, இப்புடி எளைச்சுப் போட்டீங்க?" என்றபடி தூக்குப்போசியைத் திறந்தார். "நம்ம தோட்டத்து எளநிங்க. காத்தால எறக்குனது."

"வாயில ஒண்ணும் குடுக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க," என்றாள் கட்டிலருகே இருந்த என் மனைவி.

"சோறுதானுங்க ஆகாது? இது தண்ணியாட்டம் போயிருமுங்க." பிறகு போசி மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கும் எங்கூட்டுல கை நனைக்காமத்தான வந்தீங்க. எங்களுக்குப் பழகிப்போச்சுங்க."

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. எழுந்துபோய் டம்ளரைக் கழுவி வந்தாள். "ஒரு மொடக்குத்தானுங்க," என்றாள்.

ஒரு மடக்கு முழு டம்ளர் ஆயிற்று. பத்தொன்பது நாள் காய்ந்த நாக்கு அது.

மறுநாள் காலை பையில் நானூற்றுப் பத்து. கூடவே காய்ச்சல்.

"என்னங்கய்யா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"எளநிங்க."

"யாரு குடுத்தது?"

"சம்பந்திங்க."

அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். பையின் அளவைச் சீட்டில் குறித்துக்கொண்டார். "மூடிட்டு வந்தது விட்டுப்போச்சுங்க. மறுபடி மொதல்ல இருந்து. இந்தத் தடவையும் மூடலைன்னா வெட்டித்தான் ஆகோணும்."

சம்பந்தியிடம் சொல்ல முடியவில்லை. ஆடிக் காற்றில் காய்ச்சல் என்று சொல்லிவைத்தோம். அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் அவிநாசியிலிருந்து பஸ் ஏறி வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து, "எளநி உள்ள போனதும் மொகம் தெளிஞ்சிருச்சு பாருங்க," என்பார். எழுந்து போகவும் முடியாது, கழுத்தில் குழாய். ஆமாங்க என்பேன். போசியோடு வந்த நாளில் நர்ஸ் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். அவர் மேல் சம்பந்திக்கு வருத்தம், என் மேல் இல்லை.

பை மெதுவாக இறங்கி, ஒருநாள் காலையில் காய்ந்து கிடந்தது. இரண்டு நாள் பொறுத்து இரண்டு கரண்டி அரிசிக் கஞ்சி கொடுத்தார்கள். உப்பு போதவில்லை. கேட்கவில்லை.

"மாமா இப்பல்லாம் நல்லாப் பேசறாருங்கப்பா," என்று மகள் போனில் சொன்னாள்.

பில்லில் அந்த டம்ளருக்கு அப்புறம் கூடிய நாட்களை மட்டும் தனியே பிரித்துக் கூட்டினேன். பால் பை, ஹார்மோன் ஊசி, காய்ச்சல் மருந்து, அறை வாடகை எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்.