படுத்திருந்த ஏணி

என் பெரியப்பாவைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏணி என்றுதான் சொல்வார்கள். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் வேலை. இரட்டை ஏணியின் உச்சியில் இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் போட்டு நின்றுகொண்டு, கீழே இறங்காமலே இடுப்பை ஒரு வெட்டு வெட்டுவார். டக், டக் என்று ஏணி அவரையும் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நடக்கும். வாளியிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தாது. "இறங்கி ஏறினா பாதி நாள் அதுலயே போயிடும்" என்பார்.

அப்படி நடந்துதான் விழுந்தார். தேவாலயத்தின் உள்சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தபோது, ஈரத் தரையில் ஏணியின் ஒரு கால் வழுக்கிவிட்டது. வலது இடுப்பெலும்பு முறிந்தது. பார்க்க வந்தவர்கள் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு, "ஏணியிலேர்ந்து ஏணியே விழுந்துடுச்சே" என்று சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். அப்போது அவருக்குச் சிரிப்பு வந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, எலும்பு கூடும்வரை இடது பக்கமாகவே படுத்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அந்தப் பக்கம் ஒரு பீரோவும் வெறும் சுவரும்தான். பெரியப்பாவே வெளிர் நீலம் அடித்த சுவர். மதிய வெயில் ஜன்னல் வழியாக வந்து அதில் தண்ணீர்போல அசையும். அரைத் தூக்கத்தில் அவருக்குக் கட்டில் ஒரு படகாகிவிடும். சுவரில் ஊரும் எறும்பு, தூரத்தில் போகும் கப்பல். எங்கோ மிதந்து போய்க்கொண்டே இருப்பதாகவும், கரை வரும்போது விழித்துவிடுவதாகவும் சொல்வார்.

பெரியம்மா தினமும் சாயங்காலம் வேதாகமத்தில் ஓர் அதிகாரம் சத்தமாக வாசிப்பார். அந்த நாட்களில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டீங்களா? இவரையும் இடது பக்கமாத்தான் படுக்கச் சொல்லியிருக்கு. ஒரு வருஷத்துக்கும் மேல!"

"எந்த டாக்டர் சொன்னான்?"

"ஆண்டவர் சொன்னார். புரளக் கூடாதுன்னு கயிறு வேற."

"அந்த மனுஷன் சண்டை போடலையா?"

"சாப்பாட்டுக்கு மட்டும் முணுமுணுத்திருக்கார். மனுஷக் கழிவை எரிச்சு அப்பம் சுடச் சொன்னதும் ஐயோன்னு கத்திட்டார். ஆண்டவரும் சரி, மாட்டுச் சாணியில சுட்டுக்கோன்னு விட்டுட்டார்."

"பார்த்தியா, கேட்டா கொஞ்சமாவது குறைக்கிறார். நீ ஒரு சிட்டிகை உப்பு போட மாட்டேங்குற."

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பீரோவின் காலுக்குப் பின்னால், தரையை ஒட்டி, உள்ளங்கை அளவுக்கு நீலம் படாத ஓர் இடம் அவர் கண்ணில் பட்டது. அங்கே பழைய மஞ்சள் அப்படியே இருந்தது. நிற்பவர் கண்ணுக்குத் தெரியாத இடம். அவர் கடலில் அது ஒரு தீவாகிவிட்டது. கண்ணை மூடினாலும் மஞ்சளாகத் தெரிந்தது. பெயிண்டர் வீட்டிலேயே விட்டுப்போன இடமா? பெரியம்மா துணி காயப்போடப் போன நேரத்தில் எழுந்தார். தூரிகைவரை கை போய்விட்டது. கால் வரவில்லை.

இந்த முறை இடது இடுப்பு.

மறுபடி அறுவை சிகிச்சை. மறுபடி கட்டில். இப்போது வலது பக்கம். பயிற்சி கொடுக்க வந்த பெண் தெளிவாகச் சொல்லிவிட்டார்: தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து உட்காரப் பழக வேண்டும், இல்லையென்றால் மூட்டு இறுகி, கடைசிவரை படுக்கைதான். பெரியப்பா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

"ஒரு தடவை விழுந்தா சோதனைம்பாங்க. ரெண்டாவது தடவை விழுந்தா கேலி" என்றார். ஜெபம் முடியும்போது ஆமென் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

சில வாரம் கழித்துப் பெரியம்மா வேதாகமத்தைப் பின்னோக்கிப் புரட்டினார். "அன்னிக்கு ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அந்த எசேக்கியேலுக்கும் இடது பக்கம் முடிஞ்சதும் வலது பக்கம் படுக்கச் சொல்லி வந்துச்சு."

போர்வை கொஞ்சம் இறங்கியது. "ஏன்டி அப்பவே சொல்லல?"

"சொன்னா விழுறதுக்கு முன்னாடியே பயந்திருப்பீங்க."

விசுவாசம் என்றால் ஓடுவது, மலை ஏறுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எசேக்கியேலுக்கோ ஒரு பக்கமாகக் கிடப்பதே ஊழியமாக இருந்தது. அவர் சும்மாவும் கிடக்கவில்லை. படுக்கும் முன் ஒரு செங்கல்லை எடுத்து அதில் நகரத்தை வரையச் சொல்லியிருந்தார் கடவுள்.

பெரியம்மா கொல்லைப்புறத்திலிருந்து ஒரு செங்கல்லைக் கழுவிக் கொண்டுவந்து, மிச்சமிருந்த பெயிண்ட் டப்பாக்களோடு தலைமாட்டில் வைத்தார்.

"நான் சுவருக்கு அடிக்கிறவன். படம் போடத் தெரியாது."

"அவருக்கும்தான் தெரியாது. அவர் ஆசாரியர்."

இரண்டு நாள் செங்கல் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் அதில் ஒரு வீடு வந்தது. பிறகு பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு. எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் அடித்தவர் அவர்தான். விரல் நுனியளவு வீடுகள், படுத்திருந்தவர் கண்ணுக்கு நேராக, செங்கல்லில் நெடுக்காக ஏறிப் போயின. எதிர்வீட்டு மாடிக்கு வந்ததும் தூரிகை நின்றது.

"அந்த மாடிக் கைப்பிடிக்கு நான் பச்சையா அடிச்சேன், சாம்பலா?"

ஜன்னல் அவர் முகத்துக்கு நேரேதான். படுத்தபடி பார்த்தால் வானம் மட்டும் தெரியும்.

"எட்டிப் பாருங்க" என்றார் பெரியம்மா.

"எட்டுற நிலைமையிலயா இருக்கேன்? நீயே சொல்லித் தொலையேன்."

"எனக்கு எங்க நிறம் தெரியும்? 'உனக்குப் பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாது'ன்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றது யாரு?"

பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு முழங்கையை ஊன்றினார். அன்று எதிர்வீட்டுக் கூரைதான் தெரிந்தது. அடுத்த நாளும் கூரைதான். பயிற்சிப் பெண் வந்து பிடித்துக்கொண்டார். வலியில் கண்ணீர் வழிய, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று பெரியப்பாவே சொல்ல ஆரம்பித்தார். ஒரு நாள் நேராக உட்கார்ந்துவிட்டார்.

"சாம்பல்" என்றார். "கீழே துருப்பிடிச்சிருக்கு. தேய்க்கணும்."

அன்று சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் அறையில் இரண்டு ஆமென் கேட்டன.

மழைக்காலம் முடிவதற்குள் நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்து நடக்கத் தொடங்கினார். டக், டக் என்று வீட்டுக்குள் மறுபடியும் அந்தச் சத்தம். முதல் வேலையாக நீலப் பெயிண்டைக் கேட்டார். பீரோ பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, குனியாமல் எட்டுவதற்குத் தூரிகையை ஒரு குச்சியில் கட்டிக்கொண்டார். ஆனால் அந்த மஞ்சளைக் காணவில்லை. இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார்.

"அது படுத்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா அவர் கட்டிலில் இடது பக்கமாகப் படுத்துக்கொண்டார். "கீழ. இன்னும் கீழ. அங்கதான்."

தூரிகை போய்த் தொட்டது. மதிய வெயில் சுவரெங்கும் அசைந்துகொண்டிருந்தது. பெரியம்மாவின் கண் அதன் பின்னாலேயே போனது.

"போச்சா?" என்று கேட்டார் பெரியப்பா.

"போச்சு" என்றார் பெரியம்மா. எழுந்திருக்கவில்லை. "என்னங்க, இது நிஜமாவே கடல் மாதிரிதான் இருக்கு."