பதிமூன்றாவது தட்டு

என் மகளின் வளைகாப்புக்கு நான் பிஸ்கட் சுட்டுக்கொண்டு போனேன். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டீக்கடை பாட்டிலில் இருக்குமே, அதையா என்றார்கள். அதையல்ல. இது உள்ளங்கை அகலம், மூன்று விரல் உயரம். மேலே மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே மெத்தென்று ஏடு ஏடாகப் பிரியும். இரண்டு தின்றால் மத்தியானச் சோறு வேண்டாம். அமெரிக்காவில் குதிரையேறி மாட்டு மந்தை ஓட்டுகிறவர்கள் வெட்டவெளியில் இரும்புச் சட்டி வைத்துச் சுட்டுத் தின்பது. அறந்தாங்கியில் தையல் கடை வைத்திருக்கிற எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், என் வீட்டுக்காரரால்தான்.

அவர் வளைகுடாவில் எண்ணெய்க் கம்பெனி முகாம் ஒன்றில் சமையல்காரராக இருந்தார். அங்கே ஓர் அமெரிக்க என்ஜினீயர் லீவு நாளில் மணலில் தணல் மூட்டி இதைச் சுடுவாராம். கூடவே நின்று இவர் கற்றுக்கொண்டார். ஊரில் மற்றவர்கள் எல்லாம் செண்ட்டும் கம்பளியும் கொண்டுவர, இவர் ஒரு லீவுக்கு வரும்போது மூன்று கால் வைத்த வார்ப்பிரும்புச் சட்டியைச் சுமந்துகொண்டு வந்து இறங்கினார். அதன் மூடியைச் சுற்றி விளிம்பு உண்டு, மேலே தணலைக் கொட்டினாலும் சரியாது. "நம்மூரு பிரியாணிக்குத் தம் போடுறதுதான்டி இது, என்னமோ பெரிசா பாக்குற" என்பார். அதன் பிறகு ஒவ்வொரு லீவிலும் கொல்லையில் சட்டி ஏறும். மகள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்திலேயே குந்தியிருப்பாள். எனக்குக் கொட்டாங்கச்சி பொறுக்கிப் போடுகிற வேலை மட்டும்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவர் அங்கேயே நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் போனதோடு என் கைக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அடுத்த வருஷம் மகள் கல்யாணத்தில் அவருடைய அண்ணனும் அண்ணன் மனைவியும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தார்கள். நான் மண்டபத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தாலி ஏறியதைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை, வீடியோக்காரர் மறைத்துவிட்டார். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படிப் பேசாமல் இருந்ததற்காக என்மேல் எனக்கே இன்னும் கோபம் தீரவில்லை.

மகளுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் புதுக்கோட்டையில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு என்று நாள் குறித்தார்கள். என் ஓரகத்தி, அதுதான் அந்த அண்ணன் மனைவி, கடைக்கு வந்தாள்.

"பலகாரமெல்லாம் எங்க வீட்லயே சுட்டுர்றேன்த்தா. நீ எண்ணெச் சட்டி வைக்கக் கூடாதுல்ல. அன்னைக்கி நீ வா, வர வேணாங்கல. ஆனா அடுப்படிப் பக்கம் இருந்துக்க. நல்லது நடக்குற எடம் பாரு."

சொல்லிக்கொண்டே, அன்றைக்கு அவள் உடுத்துவதற்காக நான் தைத்து வைத்திருந்த ஜாக்கெட்டை எடுத்து, கொக்கி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். அந்த வளைகாப்புக்குப் போக இருந்த சுமங்கலிகளில் பாதிப் பேர் முதுகில் என் தையல்தான். ஜாக்கெட்டுக்கு ஆகிற கை முறுக்குக்கு ஆகாது! வாய் வரைக்கும் வந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "சரிக்கா" என்றேன். மறுபடியும் பேசாமல் இருந்துவிட்டேனே என்று அன்று முழுக்கத் துணிகளை எல்லாம் கோணலாக வெட்டினேன்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"யம்மா, எதத் தின்னாலும் வாயி கசக்குதும்மா. அப்பா சுடுவாருல்ல, அந்த பிஸ்கட் வேணும்மா. ஒனக்குச் சுடத் தெரியுமா?"

"தெரியாம என்ன? வளைகாப்புக்கு எடுத்துட்டு வாரேன்" என்றேன். சுத்தப் பொய்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. முறுக்கை யார் பிழியலாம் என்று சட்டம் இருக்கிறது. அதிரசத்துக்கு இருக்கிறது, கட்டுச்சோற்றுக்கு இருக்கிறது. இந்த பிஸ்கட்டை யார் சுட வேண்டும் என்று எந்தச் சம்பிரதாயம் சொல்லிவைத்திருக்கிறது? எங்கள் வகையறாவில் அப்படி ஒரு பொருளே கிடையாது. பட்டியலிலேயே இல்லாததை யார் என்ன சொல்லித் தடுக்க முடியும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டூலைப் போட்டுப் பரணிலிருந்து சட்டியை இறக்கினேன்.

முதல் தடவை சுட்டதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாவு என்று ஒன்றைக் கண்டால் நம் ஊர்க் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. புரோட்டாவுக்குப் பிசைவது போல் அரை மணி நேரம் அடித்துப் பிசைந்தேன். மைதா, வெண்ணெய், மோர், உப்பு, பேக்கிங் பவுடர் எல்லாம் அளவாகத்தான் போட்டேன். வெந்து வந்தவை கருங்கல். கொல்லையில் எறிந்ததை நாய் மோந்து பார்த்துவிட்டு, மேலே இருந்த வெண்ணெயை மட்டும் நக்கிவிட்டுப் போனது. அப்போதுதான் அவர் மகளிடம் சொன்னது நினைவுக்கு வந்தது: "மாவுகிட்ட நீ வந்துட்டுப் போனது மாவுக்கே தெரியக் கூடாது." நாலு கலக்கு கலக்கிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டுமாம்.

அது சரி, எங்கள் ஊர் வெயிலில் வெண்ணெய் அதுவரை நிற்க வேண்டுமே. மாவில் விழும்போதே உருகிக் கொழகொழவென்று ஆனது. வெண்ணெயைக் கல்லாக உறைய வைத்து, கேரட் துருவுகிற துருவியில் துருவிப் பார்த்தேன். நின்றது. அதன் பிறகு என் தொழில் கைகொடுத்தது. துணி மடிப்பது மாதிரி மாவை மடித்துத் தட்டி, திருப்பி, மறுபடி மடித்தேன். அந்த மடிப்புகள்தான் வெந்த பிறகு ஏடுகளாகப் பிரிகின்றன. டம்ளரைக் கவிழ்த்து வட்டமாக வெட்டும்போது திருகக் கூடாது, நேரே அமுக்கி நேரே எடுக்க வேண்டும். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு எழும்பாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு சட்டியைக் கெடுத்து நானே கண்டுபிடித்தேன். தணலையும் கீழே குறைவாகவும் மூடிமேல் நிறையவும் போட வேண்டும் என்று ஒருமுறை அடி கருகிய பிறகு புரிந்தது. ஐந்தாவது தடவை மூடியைத் தூக்கினபோது எல்லாம் பொன்னிறத்தில் எழும்பி ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றைப் பிட்டுத் தின்றேன். அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் அழுதேன்.

வளைகாப்பன்று விடியற்காலையில் சுட்டு, துணியில் சுற்றி, சட்டியோடு வேனில் ஏற்றினேன். சம்பந்தி வீட்டுத் தெருமுனையில் எல்லோரும் இறங்கினோம். ஓரகத்தி சீர்த்தட்டுகளை எண்ணினாள். வளையல், பூ, பழம், பலகாரம் எல்லாம் சேர்த்துப் பதினொன்று. நான் ஒரு தட்டில் பிஸ்கட்டை அடுக்கி நீட்டினேன்.

"இது என்னத்தா?"

"பிஸ்கட்டுக்கா. அமெரிக்காவுல மாடு மேய்க்கிறவுக திங்கிறது."

"மாடு மேய்க்கிறவன் திங்கிறதையா சீர்ல வப்ப?"

"ஏங்க்கா, கிருஷ்ணர் மேய்க்கலையா?"

கூட வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஓரகத்திக்கு முகம் சுண்டிப்போனது. சட்டென்று அவளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. "இதையும் சேத்தா பன்னெண்டாயிரும். ரெட்டப்படையில சீர் கொண்டு போவாங்களா? அங்கிட்டு வையி."

"சரிக்கா. அப்ப ரெண்டு தட்டா வச்சிர்றேன்" என்று இன்னொரு தட்டை எடுத்துப் பாதியை அதில் அடுக்கினேன். "இப்ப பதிமூணு."

இரண்டு தட்டையும் நான் யாரிடமும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கையிலும் ஒன்றாக ஏந்திக்கொண்டு வரிசையின் கடைசியில் நடந்தேன். தெருவில் நின்றவர்கள் என் வெற்று நெற்றியைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன்.

கூடத்தில் தட்டுகளை வைத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை. மகள் கழுத்து நிறைய மாலையோடு நாற்காலியில் இருந்தாள். முகமும் கையும் வீங்கியிருந்தன. ஓரகத்தி சந்தனம் பூசி முதல் வளையலைப் போட்டாள். அது விரல் முட்டியோடு நின்றுவிட்டது. அமுக்கிப் பார்த்தாள், மகள் வலியில் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்து வந்தவர்கள் போட்டதும் ஏறவில்லை. வளையல் உடைந்தால் அபசகுனம் என்று எல்லோருக்கும் பயம். "மொதல்ல ஊட்டுங்க, அப்புறம் போட்டுக்கலாம்" என்று சம்பந்தியம்மா சொன்னார்கள்.

புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு என்று ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினார்கள். மகள் ஒவ்வொன்றையும் கஷ்டப்பட்டு விழுங்கினாள். பிறகு பிஸ்கட் தட்டைக் காட்டி, "அது" என்றாள். சம்பந்தியம்மா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இத எப்படிங்க குடுக்கணும்? அப்படியே கடிக்கணுமா, பிச்சா?" ஓரகத்தியைப் பார்த்தார்கள். அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை சுமங்கலிகளில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே கூடத்துக்கு நடுவில் வந்தேன்.

மடியில் வைத்திருந்த சின்னச் சம்படங்கள் இரண்டையும் திறந்தேன். பிஸ்கட்டைக் குறுக்கே இரண்டாகப் பிரித்து, விரலாலேயே வெண்ணெயை வழித்துத் தடவி, கருப்பட்டிப் பாகை ஊற்றி, மகள் வாயில் ஊட்டினேன். மென்றாள். இன்னொரு வாய்க்கு வாயைத் திறந்தாள். முழுதாகத் தின்று முடித்துவிட்டு, "உப்பு கூட. அப்பா இம்புட்டுப் போட மாட்டாரு" என்றாள். சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

"அடுத்த தடவ கொறைக்கிறேன்" என்றேன்.

தாம்பாளத்திலிருந்து ஒரு பச்சைக் கண்ணாடி வளையலை எடுத்தேன். "ஏத்தா, ஏத்தா" என்று ஓரகத்தி பதறுவது காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை. மகளின் வீங்கிய கையை என் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டேன். என் விரலெல்லாம் வெண்ணெய். வளையல் முட்டியைத் தாண்டி வழுக்கிக்கொண்டு மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது. இரண்டாவதைப் போட்டேன். மூன்றாவதையும் போட்டேன்.

மகள் மறு கையையும் நீட்டினாள்.